பஸ்ல போட்டு உடுங்க: ஆள் போகாத பார்சலைப் பத்திரமாக அனுப்பும் வழி

"கோபி டவுனுக்கு எலாஸ்டிக் இன்னிக்கே வேணுமுங்க, பஸ்ல போட்டு உட்ருங்க." திருப்பூரில் கடையிலோ கம்பெனியிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரமே இப்படி ஒரு போன் வந்துவிடும். எந்த பஸ், யார் கையில் கொடுப்பது, காசு எவ்வளவு, அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள் என்று எதுவும் தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார்கள். நானும் அப்படி நின்றவன்தான். லேபிள், எலாஸ்டிக், ஜிப், காலர் என்று பதினோரு வருஷமாக பஸ்ஸில் போட்டுவிட்டுக்கொண்டிருக்கிறேன், அதில் தொலைத்ததும் உண்டு, நனைத்ததும் உண்டு. கூரியரில் போட்டால் நாளைக்குத்தான் கிடைக்கும், பஸ்ஸில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் தையல் மெஷின் பக்கத்தில் இருக்கும், அதனால் இந்தப் பழக்கம் போகாது. போகாதபோது ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்வதே மேல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அனுபவத்தில் பார்சல் ரோட்டில் தொலைவதில்லை, பஸ் ஸ்டாண்டில்தான் தொலைகிறது. ஏற்றுகிற இடத்தில் ஐந்து நிமிஷம், இறக்குகிற இடத்தில் இரண்டு நிமிஷம், இந்த ஏழு நிமிஷத்தில்தான் எல்லாத் தப்பும் நடக்கும். பெட்டியோடு ஆள் போகவில்லையென்றால் இரண்டு முனையிலும் ஆள் இருந்தாக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

எந்த வண்டியில் போடுவது

பக்கத்து ஊர் என்றால் தனியார் ரூட் பஸ்தான் தோது. திருப்பூர்–கோவை, ஈரோடு–கோபி, பொள்ளாச்சி–உடுமலை மாதிரி ரூட்டில் ஓடும் தனியார் வண்டிகளில் கண்டக்டர் தினமும் அதே ரூட்டில் வருவார், முகம் பழகிவிடும், ஒரு நாள் விட்டுப்போனாலும் மறுநாள் அதே நேரத்துக்கு அவரைப் பிடித்துவிடலாம்.

அரசு டவுன் பஸ், மஃப்சல் (வெளியூர்) பஸ் வேறு கதை. அதில் லக்கேஜ் டிக்கெட் என்பது பயணியோடு போகும் சுமைக்கானது. ஆளில்லாத பெட்டியைக் கண்டக்டர் தானாக ஏற்றிக்கொண்டால், வழியில் செக்கிங் ஏறும்போது மாட்டிக்கொள்வது அவர்தான். "அண்ணா, காசு வேணும்னா சேர்த்து வாங்கிக்குங்க" என்று அவரை வற்புறுத்தாதீர்கள். முடியாது என்றால் முடியாது, அடுத்த வண்டியைப் பாருங்கள். சென்னை மாதிரி தூரத்து ஊருக்கு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமே 2022 ஆகஸ்ட்டில் பார்சல் சேவை தொடங்கியது, தினமும் ஒரே ஊருக்குச் சரக்கு போகிறவர்கள் மாதக் கணக்கில் இடம் பிடிக்கவும் அதில் வழி வைத்தார்கள். உங்கள் ஊரிலிருந்து எந்த வண்டியில், எவ்வளவு என்பதை அவர்கள் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

பெங்களூரு, சென்னை என்று இரவு வண்டிக்குப் போவதென்றால் ஆம்னி பஸ் ஆபீஸ். அங்கே ரசீது இல்லாமல் பெட்டியை வைத்துவிட்டு வரவே கூடாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வண்டியைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். ஊருக்குள் போகுமா, பைபாஸிலேயே போய்விடுமா? கோவை–சேலம் வண்டிகளில் சிலது அவிநாசி, பெருந்துறை ஊருக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. ட்ரிப் எங்கே முடிகிறது? வழியில் கண்டக்டர் மாறுவாரா? இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பாதி வழியில் டூட்டி மாறி, புதுக் கண்டக்டருக்கு டிக்கியில் ஒரு பெட்டி இருப்பதே தெரியாமல் அது கடைசி ஊர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்த கதை எனக்கே இரண்டு உண்டு.

எதைப் போடவே கூடாது

பட்டாசு, பெட்ரோல், மண்ணெண்ணெய், ஆசிட், கேஸ் சிலிண்டர் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் தொழிலில் நாம் தீப்பிடிக்கும் பொருள் என்றே நினைக்காத சாமான்கள் உண்டு. கறை எடுக்கிற ஸ்ப்ரே, பிரின்டிங் பட்டறைக்குப் போகும் தின்னர், சொல்யூஷன் டப்பா, கம்ப்ரசர் ஆயில், எல்லாமே பற்றிக்கொள்ளக்கூடியவை. சின்ன டப்பாதானே என்று காலர் பெட்டிக்குள் சொருகி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கிக்குள் சூடும் அடைப்பும் சேர்ந்திருக்கும், மேலே ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பேட்டரி இன்னும் மோசம். 2025 அக்டோபரில் ஆந்திராவின் கர்னூல் பக்கம் ஹைதராபாத்–பெங்களூரு ஆம்னி பஸ் ஒன்று நள்ளிரவுக்குப் பின் பைக்கோடு மோதித் தீப்பிடித்ததில் பயணிகள் பலர் வெந்துபோனார்கள். வண்டியில் 200க்கும் மேற்பட்ட செல்போன்கள் பார்சலாகப் போயின என்றும், அவற்றின் பேட்டரி வெடித்தது தீயை இன்னும் மூட்டிவிட்டது என்றும் தடயவியல் ஆட்கள் சொன்னதாகச் செய்தி வந்தது. தீயை ஆரம்பித்தது பார்சல் இல்லை, சரி, ஆனால் தப்பிக்க இருந்த கொஞ்ச நேரத்தையும் அது தின்றுவிட்டது. செல்போன், பவர் பேங்க், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி எதையும் பயணிகள் வண்டியில் போடாதீர்கள், அதற்கென்று லாரி பார்சல் சர்வீஸ் இருக்கிறது.

நகையும் பணமும் அடுத்தது. சேலத்திலிருந்து வெள்ளிக் கொலுசு, கோவையிலிருந்து நகை என்று துணிப்பையில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் தைரியம் எனக்கு இல்லை. தேர்தல் நேரத்தில் பணம் மட்டுமில்லை, கட்டுக் கட்டாகத் துணி போனாலும் பறக்கும் படை நிறுத்திக் கணக்குக் கேட்கும். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கணக்கில்லாமல் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், கண்டக்டர் அங்கே உங்களுக்காக என்ன பதில் சொல்வார்? அசல் பத்திரம், பாஸ்போர்ட், சர்டிபிகேட் இதெல்லாம் நேரில் கொண்டு போகிற சாமான்.

அப்புறம் ஒட்டிய பெட்டி. "நீங்க போடற பார்சலோட இதையும் சேர்த்துப் போட்டு உட்ருங்க கண்ணு" என்று யார் கொடுத்தாலும், பெரியம்மா கொடுத்தாலும், உள்ளே இருப்பதைப் பார்க்காமல் உங்கள் பெயரில் ஏற்றாதீர்கள். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை, பஸ் பார்சலில் அது பிடிபடுவது அடிக்கடி நடக்கிறது, பெட்டியின் மேல் யார் போன் நம்பர் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

கோழி, சேவல் கேட்கவே வேண்டாம். ஒருவர் காங்கேயத்திலிருந்து கூடையில் சேவல் போட்டுவிட்டார், அது பல்லடம் வருவதற்குள் கடைசி சீட்டுக்காரர்களெல்லாம் முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

கட்டுவது

கூரியருக்குக் கட்டுகிற மாதிரி இதற்குக் கட்டக் கூடாது. டிக்கியில் உங்கள் பெட்டிக்கு மேல் யாரோ வெங்காய மூட்டை வைப்பார்கள், பக்கத்தில் மோட்டார் பம்ப் உரசும், மழை நாளில் கீழிருந்து தண்ணீர் அடிக்கும், பின் எஞ்சின் வண்டியில் ஒரு பக்கம் அடுப்படி மாதிரி சூடாக இருக்கும். முதலில் பாலிதீன் கவரில் போட்டு வாயைக் கட்டிவிட்டு அதை அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். கவரை வெளியே சுற்றினால் முதல் உரசலிலேயே கிழிந்துவிடும். ஒரு ஐப்பசியில் நான் இதைச் செய்யாமல் வெள்ளைக் காலர் 40 டஜன் அனுப்பினேன், பக்கத்தில் யாரோ தயிர் கேன் வைத்திருந்தார்கள். அப்புறம் என்ன, நாற்பது டஜனும் வாஷிங்குக்குப் போனது, காசும் நான்தான் கொடுத்தேன்.

பெட்டிக்குள் இடம் இருந்தால் கட் பீஸ் துணியைத் திணித்துக் குலுங்காமல் செய்யுங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம். மேல் வாய், கீழ் வாய் இரண்டுக்கும் பிரவுன் டேப்பை நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு. அதன் மேல் நைலான் கயிறு நாலு பக்கமும் போட்டுக் கைப்பிடி மாதிரி ஒரு முடிச்சு. பிடி இல்லாத பெட்டியை எறிவார்கள், பிடி இருந்தால் தூக்குவார்கள், இது நான் பார்த்துக் கற்றது. எடை ஒரு ஆள் ஒற்றைக் கையில் தூக்குகிற அளவுக்கு, அதாவது 15 கிலோவுக்குள் இருக்கட்டும். 30 கிலோ என்றால் இரண்டு பெட்டியாக்கி, "1/2", "2/2" என்று எழுதுங்கள்.

நெய், எண்ணெய், ஊறுகாய் என்றால் மூடியைச் சுற்றி டேப், அப்புறம் கவர், அப்புறம் நிற்கிற மாதிரி பெட்டி, மேலே பெரிதாக அம்புக்குறி. சத்தியமங்கலம் மல்லிப்பூ அனுப்புகிறவர்கள் காற்றாடப் பையில் கட்டி டிக்கியில் வைக்காமல் மேலே வண்டிக்குள் வைப்பதைக் கவனித்திருக்கிறேன், டிக்கி சூட்டில் பூ வெந்துவிடும். மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் என்றால் கிரீஸ் கசியாமல் இரட்டைக் கவர். உங்கள் கிரீஸ் அடுத்தவர் புடவைக்கட்டைக் கெடுத்தால் அதுவும் உங்கள் பொறுப்புதான்.

பெட்டியின் மேல் எழுதுவதில் புதியவர்கள் செய்யும் தப்பு, முழு விலாசத்தைப் பொடி எழுத்தில் எழுதுவது. கண்டக்டருக்குக் கதவு எண், தெருப் பெயர் எதற்கு? இறங்கும் இடம்தான் வேண்டும். "கோபி – பஸ் ஸ்டாண்ட்" என்று உள்ளங்கை அகல எழுத்தில், தமிழில், இரண்டு பக்கமும் மார்க்கரில் எழுதுங்கள். அதன் கீழே வாங்குபவர் பெயர், போன் நம்பர், அதற்குக் கீழே உங்கள் நம்பர். தாளில் எழுதி ஒட்டினால் மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் மை கரைந்துவிடும். அதே விவரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயும் போடுங்கள். உள்ளே இருக்கும் சாமானின் விலையை வெளியே எழுதவே வேண்டாம். ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு போட்டோ, ஒட்டிய பின் வெளியே ஒரு போட்டோ.

காகிதம்

வியாபாரச் சரக்கு என்றால் பில் அல்லது டெலிவரி சலான் இல்லாமல் அனுப்பாதீர்கள். ஜாப் வொர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து திருப்பி வாங்க, போகும் துணி, நூல், காலர் என்றால் விற்பனை இல்லை, அதற்குச் சலான் போதும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும், வெளி மாநிலம் என்றால் 50,000 தாண்டினாலே வேண்டும். ஜாப் வொர்க்குக்காக வெளி மாநிலம் போனால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டும், பாலக்காட்டுக்கு ஒரு பண்டல் போனாலும் அப்படித்தான். ஒரு நகலைக் கவரில் போட்டுப் பெட்டியின் மேல் ஒட்டி, இன்னொன்றை போட்டோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஏற்றும்போது

வண்டி கிளம்ப 15 நிமிஷம் முன்னால் போய்விடுங்கள். ஓடுகிற வண்டியைத் துரத்திப் படியில் பெட்டியைத் தள்ளிவிடுகிறவர்கள் பார்சல்தான் அடுத்த ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும். கிளீனரிடமோ, டீக்கடைக்காரரிடமோ, "நான் குடுத்துடறேன் போங்க" என்று சொல்கிற யாரோ ஒருவரிடமோ கொடுக்காமல் கண்டக்டரையே பாருங்கள். பேச்சு இப்படி இருந்தால் போதும்:

"ஏனுங்ணா, கோபி ஸ்டாண்டுக்கு ஒரு பொட்டி. காலருங்க, எட்டுக் கிலோ இருக்கும். ஆளு வந்து வாங்கிக்குவாங்க."

"ஆளு கரெக்டா நிக்கோணும் தம்பி, நான் நின்னு தேட முடியாது."

"நிப்பாங்ணா. எவ்வளவு குடுக்கோணுமுங்க?"

காசை அப்போதே பேசி அப்போதே கொடுங்கள். "அந்தப் பக்கம் வாங்கிக்குங்க" என்று விட்டால் அங்கே ஒரு வாக்குவாதம் நடந்து பெட்டி இறங்காமலே போகும். டிக்கெட் கொடுத்தால் வாங்கி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். திறந்து காட்டச் சொன்னால் காட்டிவிட்டு அங்கேயே மறுபடி ஒட்டிக் கொடுங்கள், டேப் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பைப் பார்த்த தலைமுறை இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது, கேட்பாரற்ற பையைப் பார்த்தால் அவர்களுக்கு அடிவயிற்றில் ஒன்று கலக்கத்தான் செய்யும். அதே காரணத்துக்காக பெட்டியை சீட்டில் வைத்துவிட்டுப் பக்கத்துப் பயணியிடம் "சித்தெ பார்த்துக்குங்க" என்று சொல்லி இறங்கிப் போகாதீர்கள். நீங்கள் பயணியாக இருந்து யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், கண்டக்டரைக் கூப்பிட்டு அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். இடது டிக்கியா வலது டிக்கியா, டிரைவர் பின்னாலா, கடைசி சீட்டுக்குக் கீழா? நடைபாதையிலோ அவசர வழிக்கு எதிரிலோ வைத்தால் வேறு இடம் கேளுங்கள். அப்புறம் வண்டி நம்பர், பஸ்ஸின் பெயர், கண்டக்டர் போன் நம்பர், கிளம்பிய நேரம். கண்டக்டர் நம்பர் வாங்கியதும் அங்கேயே ஒரு மிஸ்டு கால் விட்டுப் பாருங்கள், ஒரு எண் மாறிப்போனால் எல்லாம் போச்சு.

அந்தப் பக்கம்

இத்தனையையும் ஒரே மெசேஜில் வாங்குபவருக்கு அனுப்புங்கள், பெட்டியின் போட்டோவோடு. ஐந்து மெசேஜாகப் பிரித்து அனுப்பினால் அவர் இரண்டைத்தான் படிப்பார். எந்த பஸ் ஸ்டாண்ட் என்பதை மட்டும் போனில் வாயால் சொல்லிவிடுங்கள். கோவை என்று சொன்னால் காந்திபுரமா, சிங்காநல்லூரா, உக்கடமா, மேட்டுப்பாளையம் ரோடா? திருப்பூரிலிருந்து பல்லடம், சூலூர் வழியாகப் போகிற வண்டியும் அவிநாசி வழியாகப் போகிற வண்டியும் ஒரே பக்கமாக ஊருக்குள் நுழைவதில்லை. காந்திபுரத்திலேயே டவுன் பஸ் நிற்கும் இடம், வெளியூர் பஸ் நிற்கும் இடம், விரைவு பஸ் நிற்கும் இடம் என்று தனித்தனி. சேலத்தில் பழையது, புதியது. நாமக்கல்லில் பஸ் ஸ்டாண்டே முதலைப்பட்டிக்கு மாறிவிட்டது. திருப்பூரில் பழையது, புதியது, தெற்கே போகும் வண்டிக்குக் கோவில்வழி. பழைய ஞாபகத்தில் போய் நின்றால் வண்டி வேறு இடத்தில் வந்துவிட்டுப் போயிருக்கும்.

வாங்குபவர் கால் மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். ஒருமுறை தாராபுரத்துக்கு லேபிள் பண்டல் போட்டுவிட்டேன், மதுரை வண்டி. வாங்க வந்த தம்பி "வண்டி வர நேரமிருக்குங்ணா" என்று ஒரு டீ சொல்லியிருக்கிறான். டீ வருவதற்குள் வண்டி வந்து, கண்டக்டர் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார். தம்பி ஒட்டன்சத்திரம் வரைக்கும் பைக்கில் துரத்தி வாங்கி வந்தான். கண்டக்டர் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவருக்கு ஐம்பது பயணிகளும் அடுத்த ஸ்டாண்ட் டைமும் இருக்கிறது. தெரியாத ஆளிடம் விட்டுவிடாமல் கூடவே கொண்டு போனாரே, அதற்கு நன்றிதான் சொன்னேன்.

வண்டி வந்ததும் பெயர், எங்கிருந்து வருகிறது, என்ன சாமான் என்று சொல்லி வாங்க வேண்டும், தேவைப்பட்டால் போனில் இருக்கும் போட்டோவைக் காட்டலாம். வாங்கியதும் வண்டி கிளம்புவதற்குள் டேப் பிரிந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா, எத்தனை பெட்டி என்று பார்த்துவிட வேண்டும். எதாவது இருந்தால் அங்கேயே கண்டக்டருக்குக் காட்டி போட்டோ எடுத்துவிட்டு, உங்களுக்கு "கெடச்சுதுங்ணா" என்று ஒரு வார்த்தை. அது வரும் வரைக்கும் நீங்கள் வேறு வேலையில் மூழ்கிவிடாதீர்கள்.

வரவில்லையென்றால்

முதலில் கண்டக்டருக்குப் போன். டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தால் எடுக்க மாட்டார், பத்து நிமிஷம் விட்டுத் திரும்ப. கத்தாதீர்கள், பெட்டி இன்னும் அவர் வண்டியில்தான் இருக்கிறது. அடுத்த ஸ்டாண்டில் இறக்கி வைக்கச் சொல்வதை விட, திரும்பி வரும் சிங்கிளில் (ட்ரிப்பில்) அதே வண்டியில் கொண்டு வரச் சொல்வதுதான் பத்திரம், கை மாறக் கை மாறத்தான் தொலையும். போன் கிடைக்கவில்லையென்றால் பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பரிடம் பஸ் பெயரும் நேரமும் சொல்லுங்கள், வண்டி எங்கே இருக்கும், ஓனர் ஆபீஸ் எது என்று அவருக்குத் தெரியும்.

ஆம்னி பஸ் ஆபீஸிலோ பார்சல் நிறுவனத்திலோ ரசீது போட்டிருந்தால் வழி வேறு. ரசீதில் சாமானின் மதிப்பை எழுதச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை. 2007ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி பதிவு செய்த சரக்கு நிறுவனமாக இருந்தால், மதிப்பு எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டாத பொருளுக்கு நீங்கள் கட்டிய கட்டணத்தின் பத்து மடங்குக்கு மேல் அவர்கள் பொறுப்பில்லை. 200 ரூபாய் கட்டியிருந்தால் 2,000, உள்ளே எத்தனை ஆயிரம் இருந்தாலும் சரி. வழக்குப் போடுவதாக இருந்தால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், வாய்ச் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது.

கடைசியாக ஒன்று, நாள் பார்த்துப் போடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் வாங்கிக்கொண்டு திருப்பூரே ஊருக்குக் கிளம்பும், டிக்கியில் ஒரு பை வைக்கவும் இடம் இருக்காது. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் பழனிப் பக்கம் போகும் வண்டியெல்லாம் நிரம்பி வழியும், கண்டக்டர் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். முகூர்த்த நாள் சாயங்காலமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த நாட்களில் நான் பெட்டியை பைக் பின்னால் கட்டிக்கொண்டு நானே போய்விடுகிறேன்.